கல்லில் உறைந்த அறிவு: ‘டாக்டர் ஸ்டோன்’ தொடரும் பாலாற்றங்கரை வாசிப்பும்

படக்கதையைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்கும் வழக்கம் தமிழ் ஆய்வுலகில் முற்றிலும் நீங்கிவிடவில்லை. ரீச்சிரோ இனாகாகி எழுத, போயிச்சி வரைந்த ‘டாக்டர் ஸ்டோன்’ என்னும் சப்பானிய மாங்கா, ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் 2017 முதல் 2022 வரை வெளிவந்தது. 2019இல் அசைவூட்டத் தொடராகவும் ஒளிபரப்பாகத் தொடங்கியது. எழுத்து அழிந்தபின் அறிவு எவ்வாறு கைமாறுகிறது என்பதே அத்தொடரின் அடிப்படை வினா. வாய்மொழி மரபையும் நடுகல் மரபையும் பயில்வோர்க்கு இவ்வினா அயலானதன்று.

மாந்தரினம் முழுவதும் ஒரு நொடியில் கல்லாகிறது. சென்கூ என்னும் மாணவன் நொடிகளை எண்ணியே நினைவு தப்பாதிருந்து, ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்குப்பின் மீள்கிறான். அகலிகை கல்லானதும் மீண்டதும் பிறர் சொல்லாலும் பிறர் அருளாலும் நிகழ்ந்தவை. இங்கோ கல்லை உடைப்பது நைட்ரிக் அமிலமும் சாராயமும் கலந்த நீர்மம். அருளின் இடத்தில் வேதியியல் அமர்கிறது.

எனினும் தொடரின் ஆழமான பகுதி ஆய்வுக்கூடத்தில் இல்லை, கதைசொல்லலில் உள்ளது. உலகம் கல்லானபோது விண்வெளியில் இருந்தமையால் தப்பிய சிலருள் சென்கூவின் வளர்ப்புத் தந்தை பியாகுயாவும் ஒருவர். அவர் தம் அறிவை நூறு கதைகளாக்கி விட்டுச்செல்கிறார். தலைமுறைதோறும் பூசாரிப் பெண்கள் அவற்றை மனனம் செய்து காக்கின்றனர். ரூரி அவ்வழியில் வந்தவள். கண்ணாடியில் பதிந்த பாடல் ஒன்றும் எஞ்சுகிறது. அச்சுப் பக்கத்தில் அப்பாடல் ஓசையற்ற ஓவியம். அசைவூட்டத்திலோ செவிக்கு எட்டும் குரல். இம்மாற்றத்தில் ஆதாயமும் உண்டு, இழப்பும் உண்டு. வாசகர்தோறும் வேறாய் ஒலித்த பாடல் ஒரே குரலாய் நிலைபெற்றுவிடுகிறது.

காட்சி முதல் வாழ்த்தல் வரை தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் ஆறு நிலைகளும் வீரனைக் கல்லில் நிறுத்துவன. ஆம்பூரில் கிடைத்த, பல்லவன் நிருபதுங்கன் காலத்து நடுகற்கள் ஆநிரைப் பூசலில் பட்டோரின் பெயரைக் காக்கின்றன. ஆனால் நடுகல் காப்பது பெயரையும் புகழையுமே; செய்முறையை அன்று. அதே ஆம்பூரில் மாட்டுத் தோலைப் பதப்படுத்தியவர்களின் அறிவுக்குக் கல் எழவில்லை.

சென்கூ கிளிஞ்சலைப் பொடியாக்கி உழவு, கட்டடம், சோப்பு என அதன் பயன்களை அடுக்குகிறான். ஆம்பூர்த் தொழிலாளி ஒருவர் அப்பட்டியலில் தோலின் மயிர் நீக்கும் சுண்ணாம்புக் குழியையும் சேர்ப்பார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட முறையும் முறையான வேதியியலே. கைவினைஞர் காசெகியின் விரல்களையும், படிப்பறியாது கனிமங்களைத் திரட்டிய குரோமையும் அறிவியலாளர் வரிசையில் வைப்பது இத்தொடரின் பெருமை. சாதியோடு பிணைத்து இழிதொழில் எனப்பட்டதைத் தமிழ் அறிபுனைகதை இவ்வாறு அணுகியது குறைவு.

‘குரோம்’ என்பது சப்பானிய மொழியில் குரோமியத்தைக் குறிக்கும் சொல். பாகாயம் அமைந்துள்ள வேலூர் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை அச்சொல் வேறு நினைவை எழுப்பும். பட்டைப் பதனிடலின் இடத்தைக் குரோம் பதனிடல் பெருமளவு பிடித்தபின், தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை ஏற்றது. அமிலத்தின் நச்சுப்புகை தொடரில் சாகசமாகிறது. கழிவு சென்று சேரும் ஆறு கதையின் மையத்துக்கு வருவதில்லை. அறிவியலின் மீது இத்தொடர் கொண்ட நம்பிக்கையைப் பாலாற்றங்கரை வாசகர் அப்படியே ஏற்பது கடினம்.

பியாகுயாவின் கதைகளுக்குக் கேட்பவன் ஒருவன் இருந்தான். பட்டைப் பதனிடலில் பழகிய முதியோரின் குழிக்கணக்கு, பட்டையின் தரம் காணும் முறை, தோலின் பதத்தை விரலால் அறியும் நுட்பம், இவற்றுக்குரிய வட்டாரச் சொற்கள் ஆகியன வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் கள ஆய்வின்வழி உடனே திரட்டத்தக்கவை. ஆற்று நீர் மாறிய காலத்தைப் பற்றிய அவர்களின் கூற்றுகளும் அத்தொகுப்பில் இடம்பெற வேண்டும்.