கடல் கடந்து உழைப்பவரின் ஊர் வீடு: புதிதாகக் கட்டுவோருக்குப் பத்து அறிவுரைகள்

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கரையோரமாகப் போனால், கட்டாரிலும் சவூதியிலும் குவைத்திலும் உழைத்த காசில் எழும்பிய வீடுகளை வீதிக்கு வீதி காணலாம். நம் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு உரியது. தங்கச்சிக்கு ஒன்று, பிறகு மகளுக்கு ஒன்று என்று எத்தனையோ பேரின் இளமை சீமெந்திலும் கம்பியிலும் போய்விட்டது. கட்டும் செலவை எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். கட்டிய வீட்டை வைத்திருக்கும் செலவைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. தம்பிமாரே, அத்திவாரம் வெட்டுமுன் இதைக் கேளுங்கள்.

1. வீட்டுக்கும் ஒரு சம்பளம் ஒதுக்குங்கள். கட்டி முடிந்த செலவில் நூற்றுக்கு ஒரு பங்கையாவது ஆண்டுதோறும் பராமரிப்புக்கென்று தனியாக வையுங்கள். கடலுக்குக் கிட்ட என்றால் இன்னும் கூட வேண்டும். அந்தத் தொகையைத் தொடர்ந்து அனுப்ப முடியாது என்று தெரிந்தால் இரண்டு அறையைக் குறைத்துக் கட்டுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

2. உறுதி யார் பெயரில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சில் "இது தங்கச்சிக்கு" என்று விட்டால் நாளை பிள்ளைகளுக்கு இடையில் வழக்கு வரும். நன்கொடை உறுதியைப் பிரசித்த நொத்தாரிசு முன்னால் எழுதி, காணிப் பதிவகத்தில் பதியுங்கள். அதற்கு முத்திரைத் தீர்வை உண்டு. அதையும் கட்டும் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். உறுதி மாறிய கையோடு சபைப் பதிவேட்டிலும் பெயரை மாற்றுங்கள்.

3. சோலை வரியை ஜனவரியிலேயே கட்டுங்கள். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளுக்குக் கல்முனை மாநகர சபை. நிந்தவூர், அட்டாளைச்சேனை, பொத்துவில் பகுதிகளுக்கு அந்தந்தப் பிரதேச சபை. முழு ஆண்டு வரியையும் ஜனவரி 31க்குள் செலுத்தினால் 10 வீதம் கழிவு உண்டு. காலாண்டுக்கு ஒருமுறை கட்டுவோர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் செலுத்தினால் 5 வீதம். வரி வீட்டின் வருடாந்தப் பெறுமதியின் மீது விதிக்கப்படுவதால், மேல்மாடி எடுத்தால் வரியும் கூடக்கூடும். நிலுவை விழுந்தால் மேலதிகக் கட்டணம் சேரும். கடைசியில் சொத்தைத் தடுத்து விற்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு.

4. பூட்டிய வீட்டுக்கும் பில் வரும். ஒரு அலகு எரியாவிட்டாலும் மின்சாரத்துக்கு நிலையான கட்டணம் உண்டு. நீர் வழங்கல் சபையின் இணைப்புக்கும் அப்படியே. இரண்டையும் வங்கிக் கணக்கிலிருந்து நீங்களே செலுத்துங்கள். பில் கட்டுவதற்கு வயதான உம்மாவை வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

5. உப்புக்காற்றைக் குறைத்து எண்ணாதீர்கள். பின்னால் மேல்மாடி எடுக்கலாம் என்று தூண்களின் தலையில் கம்பியை நீட்டி விட்டுவிடுகிறோம். நாலைந்து வருடத்தில் அது செம்மண் நிறமாகிச் செதில் செதிலாக உரிகிறது. துரு கம்பியோடு கீழே இறங்குகிறது. துருப்பிடித்த இரும்பு பருக்கும். பருத்தால் கொங்கிறீட்டைப் பிளக்கும். பிளந்த இடத்தால் இன்னும் உப்பும் ஈரமும் போகும். பிறகு மேல்மாடிக்கு வைத்திருந்த காசு கீழ்த் தூணைத் திருத்தவே போய்விடும். ஆகவே நீட்டிய கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்து, மெல்லிய கொங்கிறீட்டால் மூடிவிடுங்கள். கிறிலுக்கும் கேற்றுக்கும் காலத்துக்குக் காலம் பெயின்ட் அடியுங்கள்.

6. மாரிக்கு முன் பீலியைத் துப்பரவாக்குங்கள். ஒக்டோபரில் மழை தொடங்குமுன் கூரை, பீலி, தண்ணீர்த் தாங்கியின் மூடி மூன்றையும் பார்க்க ஒருவரை அனுப்புங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டப்படி, வளவில் நுளம்பு பெருகினால் பொறுப்பு உரிமையாளருக்கும் உண்டு. டோஹாவில் இருந்தேன் என்பது தண்டத்திலிருந்து காப்பாற்றாது. அதைவிட, அடுத்த வீட்டுக் குழந்தைக்கு டெங்கு வந்தால் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வோம்?

7. ஆளில்லாமல் போடாதீர்கள். சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் 500 வீடுகள் கட்டினார்கள். பகிர்ந்தளிப்பு வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் குடியேறாமல் கிடந்ததில் காடு மண்டி, கட்டடங்கள் பழுதாகின. புது வீட்டுக்கே அந்த நிலை என்றால் கறையான் ஏறிய உங்கள் நிலைக்கதவை யோசியுங்கள். யாராவது இருந்து, விளக்கேற்றி, கதவு திறந்து மூடட்டும். பார்த்துக்கொள்பவர் உறவினரானாலும் கூலி கொடுங்கள்.

8. இருக்க விட்டாலும் எழுத்தில் விடுங்கள். எங்கள் சட்டத்தில் 10 ஆண்டு எதிரிடையான ஆட்சி உரிமையாகிவிடலாம். வாடகையோ இலவசமோ, ஒப்பந்தம் ஒன்று இருக்கட்டும். வாடகை இலங்கையில் கிடைக்கும் வருமானம்; நீங்கள் எங்கே இருந்தாலும் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்துக்குள் வரும். வளைகுடாவில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்ற பழக்கத்தில் இதை மறந்துவிடாதீர்கள். லண்டனில் வாழ்பவர் அங்கும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். ஸகாத்தையும் மறக்க வேண்டாம்: குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை, சேர்ந்த வாடகைப் பணம் நிஸாபை எட்டி ஓராண்டு நின்றால் 2.5 வீதம்.

9. விற்கும் நாளையும் இன்றே நினையுங்கள். 2018 ஏப்ரலிலிருந்து சொத்து விற்ற இலாபத்துக்கு வரி உண்டு. சொந்த வதிவிடத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் விற்குமுன் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உரிமை இருந்து, அதில் இரண்டு ஆண்டுகளாவது நீங்களே குடியிருந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தபடியே விற்பவருக்கு இந்த விலக்குக் கைகொடுக்காது. வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுப்பவர்கள் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தை வாசியுங்கள். வெளிநாட்டவர் காணி வாங்குவதை அது தடுக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

10. கடலுக்கு இடம் விடுங்கள். உயர் நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2004 டிசம்பர் 26ஐ நாம் மறக்கவில்லை. ஒலுவில் துறைமுகம் வந்த பிறகு ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் அரித்த காணிகளையும் பார்த்திருக்கிறோம். கடல் பார்த்த வளவு மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக, ஒரு கொப்பி வாங்கி வரி, பில், திருத்தம், கூலி நான்கையும் மாதாமாதம் எழுதுங்கள். அதன் ஒரு பிரதி ஊரில் இருப்பவரிடமும் இருக்கட்டும். ஒரு வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டே அடுத்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கடனில்லாத சிறிய வீடு, தாங்க முடியாத பெரிய வீட்டைவிட நல்ல சொத்து.