கோடு போட்டால் கால் நகருமா?

கேள்வி: அப்பாவுக்கு பார்க்கின்சன். வாசற்படி அருகே கால் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுகிறார். லேசர் கைத்தடி வாங்கலாமா?

பதில்: முதலில் ஒரு சுருள் கலர் டேப் வாங்குங்கள். அவர் நின்றுவிடும் இடத்தில், ஓர் எட்டு இடைவெளியில் குறுக்குக் கோடுகளாக ஒட்டி, தாண்டி நடக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். யோசிக்காமலே நடக்கவைக்கும் மூளைப்பகுதிதான் இந்நோயில் தளர்கிறது. எதிரே கோடு இருந்தால், கவனித்து நடக்கும் வேறு வழி கைகொடுக்கிறது. லேசர் தடியும் இதைத்தான் செய்கிறது, கோட்டைக் கூடவே கொண்டுபோகிறது. ஆனால் நல்ல வெயிலில் அந்தக் கோடு சரியாகத் தெரியாது (கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்). டேப் பலித்தால் தடி வாங்கலாம். சிலருக்குக் கோட்டைவிடத் தாளம் உதவும். போனில் மெட்ரோனோம் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்த மாத்திரை நெருங்கும்போதுதான் கால் உறைகிறதா என்று குறித்துவைத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து வேளையை அவர் மாற்றித் தரக்கூடும்.