இசைக்குழு மாணவியரும் நாட்டு நலப்பணியும்

ஆண்டுவிழா மேடையில் வாழ்த்துப் பாடவும், விளையாட்டு விழா அணிவகுப்பில் பேண்டு வாத்தியம் முழக்கவும் பல கல்லூரிகளில் மாணவியர் குழு ஒன்று உண்டு. விழா முடிந்ததும் முரசும் குழலும் உறைக்குள் புகுந்துவிடும். அடுத்த விழாவரை அக்குழுவிற்குப் பணியில்லை. அதே கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அணியும் இயங்கும். ஒன்றை ஒன்று அறியாது. இவ்விரண்டையும் இணைத்தல் வேண்டும் என்பதும், அஃது எவ்வாறு தகும் என்பதும் ஈண்டு ஆராயப்பெறுகின்றன.

திட்டத்தின் அமைப்பு

காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி, 1969 செப்டம்பர் 24ஆம் நாள், அன்றைய நடுவண் கல்வியமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் அவர்கள் 37 பல்கலைக்கழகங்களில் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் இணைந்த மாணாக்கர் 40,000 பேர். சேரும் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக ஈராண்டில் 240 மணி நேரம் தொண்டாற்றுதல் வேண்டும். தத்தெடுத்த சிற்றூர் ஒன்றில் ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்றல் வேண்டும். கொணார்க் சூரியன் கோயில் தேர்ச்சக்கரமே இதன் சின்னம். இவை மாணாக்கர் அறிந்தனவே. முகாமில் பாட்டுக்குத் தரப்படும் இடம் எதுவென்பதே நம் வினா. பெரும்பாலும் அது நிறைவு நாள் மாலைக் கலைநிகழ்ச்சியே. ஆறு நாள் உழைத்தவர்க்கு இளைப்பாறுதல், அவ்வளவே.

வடக்குத்தில் கண்டது

நெய்வேலி நகரியத்தின் எல்லைக்கு வெளியே, முந்திரித் தோப்புகள் சூழ்ந்த வடக்குத்துப் பகுதியில் ஒருமுறை முகாம் நடத்தினோம். எழுத்தறியாதார் கணக்கெடுப்பிற்காக மாணவர்கள் படிவங்களுடன் வீடுவீடாகச் சென்றனர். "வீட்டுல ஆம்பளைங்க இல்லீங்க, சாயங்காலமா வாங்க" என்னும் விடையே கதவுக்குப் பின்னிருந்து மீண்டும் மீண்டும் வந்தது. ஐந்து நாளில் கிடைத்த தகவல் மிகச் சிறிது.

ஆறாம் நாள், மறுநாள் கலைநிகழ்ச்சிக்கென இசைக்குழு மாணவியர் வந்து சேர்ந்தனர். அவருள் இருவர், முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் அருகே திண்ணையில் அமர்ந்து, தம் வாப்பும்மாவிடம் கேட்ட தாலாட்டு ஒன்றைப் பாடினர். பாட்டு முடியுமுன் எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. ஓர் அம்மையார் தம் ஊர்த் தாலாட்டைத் தொடர்ந்து பாடினார். பேச்சு வளர்ந்தது. வங்கிப் புத்தகத்தில் கைநாட்டு வைப்பது தமக்குக் கூச்சமாக உள்ளதென்றும், பெயர் மட்டுமேனும் எழுதக் கற்றுத்தர இயலுமா என்றும் அவ்வம்மையார் வினவினார். எங்களுக்கு எஞ்சியிருந்ததோ ஒரு நாள். பெயரின் முதலிரண்டு எழுத்துகளோடு அப்பாடம் நின்றுபோயிற்று. மாணவியரை முதல் நாளே அழைத்திருத்தல் வேண்டும். அழையாதது திட்ட அலுவலனாகிய என் பிழை.

புதுக்கோட்டையும் பிற நாடும்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்த அறிவொளி இயக்கம் இங்கு நினைக்கத்தக்கது. அங்குக் கலைக்குழுக்கள் பாட்டும் வீதிநாடகமும் கொண்டு ஊருக்குள் புகுந்தன. பாட்டு ஓய்ந்ததும் அரிக்கேன் விளக்கின் கீழ்ப் பாடம் தொடங்கியது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மிதிவண்டிப் பயிற்சியையும் இயக்கத்தின் பகுதியாக்கினார். மிதிவண்டி கற்கத் தூண்டும் பாட்டு ஊர்தோறும் ஒலித்தது. 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் அணிவகுத்தனர். கட்டுப்பாடு மிக்க இசுலாமியக் குடும்பத்து இளம்பெண்களும் அந்நாளில் மிதிவண்டி கற்றனர் என்பதை இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார்.

அமெரிக்கக் கல்லூரிகளிலும் பேண்டு வாத்தியக் குழுவினர்க்கெனத் தனித் தொண்டமைப்புகள் உள்ளன. 1919இல் ஓக்லஹோமாவில் தோன்றிய காப்பா காப்பா சை ஆடவர்க்கே உரியதாக இருந்தமையால், மகளிர்க்கென 1946இல் தௌ பீட்டா சிக்மா நிறுவப்பெற்றது. நம் மாணவியர்க்குப் புதிய அமைப்புத் தேவையில்லை; இருக்கும் திட்டத்திலேயே இடமுண்டு.

பெற்றோரின் தயக்கம்

பெண்மக்களை ஏழு நாள் வெளியூரில் தங்கவைக்கப் பெற்றோர் தயங்குகின்றனர். இதனைப் பழமை என்று ஒதுக்குதல் எளிது, முறையன்று. பாதுகாப்பும் கழிப்பிட வசதியும் குறித்து அவர்கள் கேட்கும் வினாக்கள் நேரியவை. பேராசிரியை உடனிருத்தல், தங்குமிடத்தைப் பெற்றோர் முன்னரே வந்து காணுதல், அருகிலுள்ள ஊரையே தத்தெடுத்தல் ஆகியவற்றால் தயக்கம் பெரிதும் நீங்கும். ஆண்டு முழுவதும் நிகழும் 120 மணி நேரப் பணி பகற்பொழுதிலேயே இயலும். இசை தகுமா என்று வினவும் ஜமாஅத்துப் பெரியோரும் உளர். அவர்தம் கருத்தை மதித்தே, தாலாட்டு, முனாஜாத்து என நம் வீட்டுப் பெண்கள் கருவியின்றிப் பாடிவந்த மரபு நீண்டதென்பதை நினைவூட்ட விழைகிறேன். பெண்கள் அவையில் பெண்கள் பாடுதலே இப்பணிக்குப் போதும், ஒலிபெருக்கியும் தேவையில்லை.

செய்யத்தக்கன

இசைக்குழுவினர் தனித்தனியே அன்றிக் குழுவாகவே அணியில் சேர்தல் நன்று. பாட்டுப் பயிற்சி நேரத்தைத் தொண்டு நேரமாகக் கணக்கிடலாமா எனச் சிலர் கேட்பர். கூடாதென்பதே என் கருத்து. பாடிவிட்டுப் பேருந்தேறுதலும் தொண்டாகாது. பாடியபின் பலகையும் பல்பமும் எடுத்து அமர்ந்தால் அந்நேரம் கணக்கில் வரட்டும். 15 அகவைக்கு மேற்பட்ட எழுத்தறியாதார்க்கென 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தன்னார்வலர்களை நம்பியே நடப்பது. நம் மாணவியர்க்கு அது பொருத்தமான களம்.

தடையாக நிற்பது ஒரு சிறு செய்தி. எங்கள் கல்லூரியில் இசைப்பயிற்சியும் நலப்பணிக் கூட்டமும் சனிக்கிழமை பிற்பகல் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. இரண்டிலும் ஆர்வமுள்ள மாணவி ஒன்றைக் கைவிட நேர்கிறது. சென்ற ஆண்டு மூவர் நலப்பணியைக் கைவிட்டனர். வரும் பருவத்திலேனும் இசைப்பயிற்சியை வெள்ளி மாலைக்கு மாற்றித் தருமாறு கல்லூரி ஆட்சிக்குழுவினரைப் பணிவுடன் வேண்டுகிறேன்.