முகாம் மூட்டை: முதன்முறை புறப்படும் கேடட்டுக்கு ஒரு கடிதம்

தேசிய மாணவர் படையின் ஆண்டுப் பயிற்சி முகாமுக்கு முதன்முறையாகப் பெயர் கொடுத்திருக்கும் இளம் கேடட்டுக்கு,

வழக்கமாகப் பத்து நாள் நடைபெறும் இம்முகாமுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதைப் படைப்பிரிவு அனுப்பும் பட்டியல் தெளிவாகவே சொல்லிவிடும்; ஆனால் அப்பொருள்களை எந்த வரிசையில் அடுக்குவது, எதைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, எதை மூன்று வாரம் முன்பே உடலுக்குப் பழக்கிக்கொள்வது என்பனவற்றைப் பட்டியல் சொல்வதில்லை. பட்டியலில் கண்ட அனைத்தையும் வாங்கிக் கொண்டுவந்தும் இரண்டாம் நாளே காலை நொண்டிக்கொண்டு மருத்துவ அறையின் வாசலில் நிற்கும் கேடட்டுகள் உண்டு. அவர்களிடம் பொருள் எல்லாம் இருந்தது, ஆயத்தம்தான் இல்லை. அந்த ஆயத்தம் குறித்தே இக்கடிதம் எழுதப்படுகிறது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, மூட்டையை யார் கட்டுவது என்பது. நம் வீடுகளில் பிள்ளை வெளியூர் புறப்பட்டால் தாயோ பாட்டியோ பெட்டியை அடுக்கிக் கொடுப்பது பாசத்தின் பாற்பட்ட வழக்கம். அதைக் குறை சொல்வதற்கில்லை. எனினும் முகாமுக்கான மூட்டையைக் கேடட் தம் கையாலேயே கட்ட வேண்டும். விடியற்காலை ஐந்து மணியளவில், இருள் பிரியாத வேளையில், அனைவரும் அணியில் வந்து நிற்க வேண்டிய 'ஃபால் இன்' அழைப்பு வரும்போது, காலுறை எந்தப் பையில், தொப்பி எந்த அடுக்கில் என்பதைத் தேடி அறிய நேரம் இராது. அடுக்கிய கைக்கு மட்டுமே அது நினைவிருக்கும். வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம்: மூட்டையைக் கட்டி முடித்தபின் விளக்கை அணைத்துவிட்டு, பெல்ட், கைவிளக்கு, காலுறை ஆகிய மூன்றையும் தடவியே எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் முழுவதையும் அவிழ்த்து மறுபடி அடுக்குவதே தகும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் 1917ஆம் ஆண்டு தோன்றிய பல்கலைக்கழகப் படை, 1920இல் பல்கலைக்கழகப் பயிற்சிப் படையாகவும் 1942இல் பல்கலைக்கழக அலுவலர் பயிற்சிப் படையாகவும் உருமாறி, பண்டிட் ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் 1946இல் அமைந்த குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1948இல் சட்டத்தின் வழியே தேசிய மாணவர் படையாக நிலைபெற்றது. மறு ஆண்டே மாணவியர் பிரிவும் தொடங்கியது. இப்படை ராணுவத்திடமிருந்து பெற்ற பழக்கங்களுள் 'கிட் லே-அவுட்' என்பது ஒன்று. தம் பொறுப்பிலுள்ள பொருள் அனைத்தையும் விரித்த போர்வையின் மேல் ஒரே ஒழுங்கில் பரப்பி, எது உள்ளது, எது இல்லை, எது பழுது என்பதை ஒரே பார்வையில் அறியுமாறு வைப்பதே அது. மூட்டை கட்டுவதற்கு முந்தைய நாள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஜமக்காளத்தை விரித்து இதைச் செய்துவிட்டால், பட்டியலைப் பத்து முறை படிப்பதைவிட அதிகப் பயன் கிட்டும். அறுந்த பொத்தானும் ஓட்டை விழுந்த காலுறையும் பரப்பி வைக்கும்போதுதான் கண்ணில் படுகின்றன.

இனி, எல்லாவற்றிலும் தலையாயதான பாதத்தைப் பற்றி. முகாமில் ஒரு கேடட் செய்யும் பணிகளில் பெரும்பகுதி நின்றும் நடந்தும் ஓடியும் செய்வனவே. காலை உடற்பயிற்சி, அணிநடைப் பயிற்சி, வகுப்பிலிருந்து சுடுதளத்துக்குச் செல்லும் நடை, மாலை விளையாட்டு என்று எதுவும் பாதத்தை விட்டு வைப்பதில்லை. கேடட்டுகள் அணியும் 'டி.எம்.எஸ்.' பூட் என்பது, மேல்தோலோடு ரப்பர் அடிப்பகுதியை அச்சிலேயே நேரடியாக வார்த்து இணைத்த காலணி; அடிப்பகுதி எளிதில் பிய்யாது, ஆனால் புதிதாக இருக்கையில் தோல் விறைத்திருக்கும். விறைத்த தோல் குதிகாலில் ஒவ்வோர் அடிக்கும் உராய, மேல்தோலின் அடுக்குகளுக்கிடையே இழுவிசை ஏற்பட்டு, அவ்விடைவெளியில் நீர் கோத்துக் கொப்புளம் எழுகிறது. வியர்வையில் ஊறிய தோலில் உராய்வு மிகுதியாவதால், ஈரக் காலுறையோடு நடப்பவருக்குக் கொப்புளம் விரைந்து வரும். இவ்விரண்டு காரணங்களும் விளங்கிவிட்டால் செய்ய வேண்டியது தானே தெளிவாகும்: பூட்டின் தோலை முன்கூட்டியே இளக்க வேண்டும், பாதத்தை உலர்வாக வைக்க வேண்டும்.

தோலை இளக்குவதற்குக் குறுக்குவழி கிடையாது. முகாமுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே நாள்தோறும் பூட்டை அணிந்து, முதலில் அரை மணி நேரமும் பின்னர் ஒரு மணி நேரமும் என வீட்டைச் சுற்றியும் தெருவிலும் நடக்க வேண்டும். பூட்டின் அளவு சரியா என்பதை மாலையில் பார்ப்பதே சிறந்தது, ஏனெனில் பகலெல்லாம் நடந்த பாதம் சற்றே வீங்கியிருக்கும். காலையில் பொருந்திய பூட் மாலையில் இறுகுமானால், அதைப் பெற்ற இடத்திலேயே கொடுத்து வேறு அளவு கேட்டுப் பெறுவதில் கூச்சம் கூடாது. கேட்க வெட்கப்பட்டு, ஒரு அளவு சிறிய பூட்டோடு பத்து நாளைக் கடத்த முயல்வது வீரமாகாது. காலுறையைப் பொறுத்தவரை, பட்டியலில் இரண்டு ஜோடி என்று இருந்தாலும் ஆறு ஜோடி கொண்டுபோவது நலம். நண்பகலில் ஒருமுறை மாற்றி, கழற்றியதைத் துவைத்து உலர்த்திக்கொண்டே இருந்தால் ஈரக் காலுறையை அணிய வேண்டிய நிலை வராது. முகாம் மழைக்காலத்தில் அமைந்தால் ஆறு ஜோடியும் போதாமல் போகலாம். கொப்புளம் வந்துவிட்டாலோ, அதன் மேல்தோலைப் பிய்க்காமல் சுத்தமான துணியால் மூடி மருத்துவ அலுவலரிடம் காட்ட வேண்டும். அத்தோல்தான் உள்ளிருக்கும் புண்ணுக்கு இயற்கை அளித்த கட்டு.

சீருடை பற்றிக் கேடட்டுகள் பொதுவாக நன்கறிவர் என்பதால் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரைப்படைப் பிரிவின் காக்கி, புழுதி என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆயினும் அணிவகுப்பில் ஒரு துளிப் புழுதியும் அதில் தெரியக்கூடாது என்பது பயிற்றுநர்களின் நியதி. இரண்டு உடைத் தொகுதிகள் இருந்தால் ஒன்று உலர்வதற்குள் மற்றொன்றை அணியலாம். தொப்பியாகிய 'பெரே' கம்பளியால் ஆனது. புதியதாக இருந்தால் தட்டுப்போல் விரிந்து நிற்கும். அதை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பிழிந்து, தலையில் அணிந்து, சின்னம் இடக்கண்ணுக்கு நேர்மேலாக அமையுமாறும் எஞ்சிய துணி வலப்புறம் சரியுமாறும் கையால் வடிவமைத்து, அவ்வடிவிலேயே உலரவிட வேண்டும். ஒரே நாளில் படியாது, இரண்டு மூன்று முறை செய்ய நேரலாம். சின்னத்தின் பின்னே செருகும் சிவப்பு இறகுக்கொத்தாகிய 'ஹேக்கிள்' நசுங்கினால் மீண்டும் நிமிர்வது அரிது. ஆதலால் அதைத் துணிகளுக்கிடையே திணிக்காமல் ஒரு சிறிய டப்பாவில் வைத்துக்கொண்டு போவதே முறை. பித்தளைச் சின்னங்களைத் துலக்கும் பிராஸோ, பூட் பாலிஷ், தூரிகை ஆகியவற்றைத் தனி நெகிழிப் பையில் கட்டாமல் விட்டால், பாலிஷ் டப்பா திறந்து வெள்ளை உடற்பயிற்சி உடையில் கறை படியும். ஊசி, காக்கி நூல், வெள்ளை நூல், நாலைந்து பொத்தான்கள் கொண்ட சிறு தையல் பையை ராணுவத்தார் 'ஹவுஸ்வைஃப்' என்று அழைப்பர். உள்ளங்கையளவே உள்ள அப்பையைப் பெரும்பாலோர் மறந்துவிட்டு, பின்னர் அறை முழுவதும் ஊசி கேட்டு அலைவர்.

எல்லோருடைய காக்கியும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதை முகாமின் துணிக்கொடியைப் பார்த்தவர் அறிவர். சட்டை, கால்சட்டை, காலுறை, தட்டு, குவளை, பூட்டின் உட்புறம் என ஒன்றுவிடாமல் பெயரையும் படைப்பதிவு எண்ணையும் அழியாத மையால் எழுதிவிட வேண்டும். இது திருட்டுக்கு அஞ்சிச் செய்வதன்று, தவறுதலாக எடுத்தவர் திருப்பித் தருவதற்கு வழி செய்வது.

தங்குமிடம் பெரும்பாலும் ஏதேனும் ஒரு கல்லூரியின் வகுப்பறையாகவோ விடுதியாகவோ கூடாரமாகவோ இருக்கும். தரையில் படுக்க நேரும் என்றே எண்ணிப் புறப்பட வேண்டும். ஒரு காலத்தில் ரயில் பயணத்துக்கென்றே வீடுதோறும் இருந்த, படுக்கையையும் துணியையும் உள்ளே வைத்து வாரால் இறுக்கிக் கட்டும் 'ஹோல்டால்' என்னும் கித்தான் சுருள் இன்று அருகிவிட்டது. அதன் இடத்தில் ஒரு நல்ல ஜமக்காளம் போதும். பவானி ஜமக்காளம் போன்று தடித்த நெசவுள்ளது தரையின் குளிர்ச்சியைத் தடுக்கும், சுருட்டினால் மெத்தையைப் போல் இடத்தை அடைக்காது. கொசுவலை கொண்டுவருவோரிலும் அதைக் கட்டுவதற்கான கயிற்றைக் கொண்டுவருவோர் சிலரே. நான்கு துண்டுக் கயிறு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று முழ நீளத்தில், வலையோடு சேர்த்தே சுருட்டி வைக்கப்பட வேண்டும். அதே கயிறு பகலில் துணி உலர்த்தவும் உதவும்.

உடல்நலம் தொடர்பானவற்றைச் சொல்லத் தயங்குவதால்தான் பலரும் அவதிப்படுகிறார்கள். ஈரமான உள்ளாடையோடு பயிற்சி செய்தால் தொடையிடுக்கில் படர்தாமரை எனப்படும் பூஞ்சைத் தொற்று பற்றும். உள்ளாடைகள் நாளுக்கு ஒன்றுக்குக் குறையாமல் இருப்பதும், குளித்தபின் உடலை நன்கு துவட்டுவதும் இதற்கான எளிய காப்பு. மாணவியர், மாதவிடாய் நாள் முகாமுக்கு வெளியே விழுகிறது என்று கணக்கிட்டிருந்தாலும், கடும் பயிற்சியாலும் இடமாற்றத்தாலும் அக்கணக்கு முன்பின் ஆகக்கூடும் என்பதால், நாப்கின்களைக் கட்டாயம் எடுத்துச்செல்ல வேண்டும். தேவை ஏற்படும்போது பெண் அலுவலரிடம் கேட்பது எந்த வகையிலும் இழுக்காகாது. மூச்சிரைப்பு, வலிப்பு, ஒவ்வாமை போன்ற தொல்லை உள்ளவர்கள் அதை மறைத்துவிட்டுப் படிவத்தில் நலம் என்று எழுதுவது உயிரோடு விளையாடுவதாகும். மருந்தை மூட்டைக்குள் வைக்காமல் உடலோடு இருக்கும் சிறு பையில் வைத்துக்கொண்டு, முதல் நாளே மருத்துவ அலுவலரிடமும் பக்கத்தில் படுப்பவரிடமும் தெரிவித்துவிட வேண்டும். அச்சிறு பையிலேயே அடையாள அட்டை, பெற்றோர் ஒப்புதல் கடிதம், மருத்துவத் தகுதிச் சான்று ஆகியன நனையாத உறையில் இருக்கட்டும். கைப்பேசியை முகாமில் வாங்கி வைத்துவிடும் வழக்கம் பரவலாக இருப்பதால், வீட்டு எண்களை ஒரு தாளில் எழுதி அதே உறையில் வைப்பது நல்லது. பெற்ற தாயின் எண்ணைக்கூட மனப்பாடமாக அறியாத தலைமுறை இது.

கொண்டுபோகக் கூடாதவையும் உண்டு. நகை, விலையுயர்ந்த கடிகாரம், தேவைக்கு மேற்பட்ட பணம் ஆகியவை காவல் காக்கும் சுமையைத் தவிர வேறெதையும் தருவதில்லை. வீட்டில் செய்து கொடுக்கும் முறுக்கையும் அதிரசத்தையும் பயணத்தின்போதே தோழர்களோடு பகிர்ந்து தீர்த்துவிட வேண்டும். இரவில் தங்கும் அறைக்குள் அவை எறும்பையும் எலியையும் அழைக்கும். சுமையின் அளவுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு: நடுவண் அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது, பத்து நாள் மூட்டையை அவ்வளவுக்குள் அடக்குவது கடினம் எனினும், பிறர் உதவியின்றித் தாமே தூக்கிக்கொண்டு அரை கிலோமீட்டராவது நடக்க முடியாத மூட்டையில் தேவையற்றது ஏதோ உள்ளே இருக்கிறது என்று கொள்ளலாம்.

இவ்வளவையும் படிக்கும் ஏழைக் குடும்பத்து மாணவர் ஒருவர், இதற்கெல்லாம் பணம் எங்கே என்று மனம் சோரக்கூடும். சீருடைக்கான செலவைப் படையே ஏற்கிறது. முகாமில் உணவும் தங்குமிடமும் அரசின் பொறுப்பு. எஞ்சியவற்றில் புதிதாக வாங்க வேண்டியது மிகக் குறைவு: வீட்டிலுள்ள எவர்சில்வர் தட்டும் பழைய போர்வையும் முகாமுக்குத் தாராளமாகப் போதும், சென்ற ஆண்டு சென்றுவந்த மூத்த கேடட்டிடம் கொசுவலையை இரவல் பெறலாம். படையின் 'பி' சான்றிதழ்த் தேர்வு எழுதுவதற்கு ஆண்டு முகாம் ஒன்றிலேனும் பங்கேற்றிருக்க வேண்டும் என்பது விதி. ஒரு வாளிக்கும் ஒரு ஜமக்காளத்துக்கும் வழியில்லை என்பதற்காக எந்த மாணவரும் அவ்வாய்ப்பை இழக்க விடக்கூடாது. எது இல்லையோ அதைப் புறப்படும் முன்பே தம் அலுவலரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சற்றே வசதியுள்ள கேடட்டுக்கு ஒரு வேண்டுகோள். மூட்டையை இறுக்கிக் கட்டுவதற்கு முன், மேலும் ஒரு ஜோடி காலுறையை, பெயர் எழுதாமல், மேலாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் மாலைக்குள் அது யாருக்குத் தேவை என்பது தெரிந்துவிடும்.