நன்னூலின் நாற்கூறும் கல்லூரி ஆசிரியர் மேம்பாடும்: சென்னைக் கிறித்தவக் கல்லூரியை முன்வைத்து

முன்னுரை

பள்ளியில் கற்பிக்கப் பாடப் பட்டத்தோடு கல்வியியல் பட்டமும் வேண்டும். கல்லூரி ஆசிரியருக்கோ பாடப்புலமையே தகுதி. கற்பிக்கும் திறனை அவர் பணியில் சேர்ந்தபின்னரே பெறுகிறார். அத்திறன் எவ்வழி வளர்கிறது என்பதை நன்னூல் பொதுப்பாயிரத்தின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

நன்னூல் வகுக்கும் நாற்கூறு

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த பவணந்தி முனிவர், பொதுப்பாயிரத்தில் நூலுக்கு மட்டுமன்றி நல்லாசிரியர்க்கும், ஆசிரியராகாதார்க்கும், மாணாக்கர்க்கும் இலக்கணம் வகுக்கிறார். பாடம் கேட்கும் முறையைக் கூறுமிடத்துப் புலமையை நான்கு கூறாக்குகிறார். ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொண்டாலும் கிட்டுவது காற்கூறே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய இரு கூறும் பிறர்க்குச் செவ்விதின் உரைப்பதால் நிரம்பும். மாணாக்கரை நோக்கிக் கூறப்பட்ட இவ்விதி ஆசிரியர்க்கும் பொருந்தும். பாடம் சொல்லுதல் புலமையின் பயன் மட்டுமன்று. புலமை நிறைவதற்கான வழியும் அதுவே என்பது இதனால் பெறப்படும்.

இன்றைய பயிற்சி முறை

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளை நிறுவியது. 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனப் பெயர் மாறிய அவை, 2023இல் மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின்கீழ் வந்தன. புத்தொளிப் பயிற்சி, புத்தாக்கப் பயிற்சி ஆகியவை பதவி உயர்வுக்குரிய தேவைகளாக உள்ளன. இவை வல்லுநர் உரைகளாக மட்டும் அமையுமாயின் நன்னூல் கணக்கில் காற்கூறே பயன்தரும். சான்றிதழே குறிக்கோளாகிவிடின் அக்காற்கூறும் ஐயத்திற்குரியது. பதவி உயர்வே இல்லாத கௌரவ விரிவுரையாளரை இவ்வேற்பாடு ஈர்ப்பதற்கும் வழியில்லை. வகுப்பறைச் சுமையில் பெரும்பங்கு அவர்கள் தோளில் இருக்கும் துறைகளில் இக்குறை மாணவரையே தாக்கும்.

கிறித்தவக் கல்லூரி காட்டும் வழி

எஞ்சிய முக்காற்கூறுக்கு அண்மை வரலாற்றிலேயே சான்று உண்டு. இன்று தாம்பரத்தில் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937 வரை சென்னை நகரின் நடுவே, இன்றைய பாரிமுனைப் பகுதியில் இருந்தது. அங்குத் தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர், ஆங்கிலத்துறையைச் சார்ந்த மு. சி. பூரணலிங்கம் பிள்ளையோடு இணைந்து 1897இல் ‘ஞானபோதினி’ இதழைத் தொடங்கினார். 1898இல் மறைமலையடிகள் அதே கல்லூரியில் தமிழாசிரியரானார். அடிகளின் முல்லைப்பாட்டு, பட்டினப்பாலை ஆராய்ச்சியுரைகள் அவர் அங்குப் பாடம் சொல்லிய ஆண்டுகளில் வெளிவந்தவை. உடன்பணியாற்றுவாரோடு பயிலுதலும் பிறர்க்கு விரித்துரைத்தலும் பயிற்சி நிறுவனம் எதுவும் இல்லாத காலத்தில் ஆசிரியரை வளர்த்தமைக்கு இவை சான்றாகின்றன. அடிகள் 1911இல் கல்லூரிப் பணியினின்று விலகிப் பல்லாவரத்தில் தங்கித் தம் தமிழ்ப்பணியைத் தொடர்ந்தார்.

1978இல் இக்கல்லூரி தன்னாட்சி பெற்றது. பாடத்திட்டம் வகுத்தல், வினாத்தாள் அமைத்தல், மதிப்பிடுதல் ஆகியவை ஆசிரியரின் நேரடிப் பொறுப்பாயின. வெளியிலிருந்து வந்த பாடத்திட்டத்தை நடத்துவோர்க்கு இல்லாத கடமை இது. ஒரு செய்யுளை ஏன் பாடமாக வைக்கவேண்டும், எவ்வினா மாணவரின் சிந்தனையைத் தூண்டும் எனத் துறையினர் கூடி வாதிடும் பாடத்திட்டக் குழுக் கூட்டமே சிறந்த பயிற்சிக்களம் ஆகலாம். கையொப்பமிடும் சடங்காகவும் குறுகிவிடலாம்.

செயற்படுத்தும் முறை

பல்லாவரம் முதல் காட்டாங்குளத்தூர் வரை ஒரே இரயில் தடத்தை ஒட்டிக் கல்லூரிகள் பல உள்ளன. இவற்றின் தமிழ்த்துறைகள் திங்களுக்கு ஒருமுறை ஒன்றுகூடலாம். ஆசிரியர் ஒருவர் மாணவர்க்கு நடத்தும் பாடத்தை ஏனையோர் இருந்து கேட்டு, பின்னர் அதுபற்றி உரையாடலாம். மூத்தோரும் கௌரவ விரிவுரையாளரும் முறைவைத்து நடத்துதல் வேண்டும். அக்குறிப்புகள் பதவி உயர்வுக் கோப்பில் சேர்தலாகாது; சேருமாயின் கற்றல் மறைந்து கண்காணிப்பே எஞ்சும்.

முடிவுரை

ஆசிரியர் மேம்பாட்டைப் பயிற்சி நாள்களின் எண்ணிக்கையால் அளப்பது காற்கூற்றை முழுமையெனக் கொள்வதாகும். உடன்பயிலலுக்கும் உரைத்தலுக்கும் கல்லூரிக் கால அட்டவணையில் இடம் ஒதுக்கும்போதே நன்னூல் கூறும் நாற்கூறும் நிறையும்.