காலி யார்டின் கணக்கு

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பியிருந்த படத்தில் அமெரிக்கக் கார் டீலர் ஒருவரின் யார்டு இருக்கிறது. 2021-ல் எடுத்த படம். இருநூறு வண்டி நிற்கக்கூடிய தார்த்தளத்தில் பத்துப் பதினைந்துதான் நிற்கின்றன. அவற்றையும் நெருக்கி நிறுத்தாமல், வெறுமை கண்ணில் படாதபடி தள்ளித் தள்ளிக் குறுக்காக நிறுத்தியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்த கேள்வி இது: "வெங்காயம் தட்டுப்பாடு என்றால் மண்டிக்காரர் மூட்டையை இறுக்கிப் பிடிக்கிறார். கார் தட்டுப்பாடு என்றால் டீலர் மட்டும் ஏன் யார்டைக் காலியாக விடுகிறார்?"

பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படிக்கிறவள் கேட்க வேண்டிய கேள்விதான். தட்டுப்பாடு வந்தால் பதுக்கல் வரும் என்று படித்திருக்கிறாய். இங்கே அது ஏன் நடக்கவில்லை என்று தெரிய, அந்த யார்டு யாருடைய பணத்தில் நிறைந்திருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்காவில் கார் வாங்கும் பழக்கம் நம் ஊரைப் போன்றதல்ல. இங்கே புக்கிங், பிறகு காத்திருப்பு, பிறகு டெலிவரி. அங்கே ஒருவர் சனிக்கிழமை காலை யார்டுக்குப் போவார். நிறமும் வசதியும் பார்த்துப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பார். மாலைக்குள் அதையே ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவார். கேட்ட நிறம் இல்லையென்றால் அடுத்த டீலரிடம் போய்விடுவார். ஆகவே எல்லா நிறமும் எல்லா ரகமும் கையில் இருந்தாக வேண்டும். அறுபது நாள் விற்பனைக்குப் போதுமான ஸ்டாக் என்பது அங்கே நெடுங்கால அளவுகோல். மாதம் நூறு கார் விற்கும் கடையில் இருநூறு கார் நிற்கும்.

அந்த இருநூறும் பெரும்பாலும் கடனில் நிற்பவை. தொழிற்சாலையை விட்டு வண்டி கிளம்பும்போதே அதன் விலை டீலர் கணக்கில் ஏறிவிடும். அவருக்காக வங்கியோ, தயாரிப்பாளரின் சொந்த நிதி நிறுவனமோ அந்தத் தொகையைக் கட்டும். இதற்கு அங்கே 'புளோர் பிளான்' கடன் என்று பெயர். டீலர்களுக்கு இப்படிக் கடன் கொடுப்பதற்கென்றே ஜெனரல் மோட்டார்ஸ் 1919-ல் ஒரு நிதி நிறுவனத்தைத் தொடங்கியது. அவ்வளவு பழைய ஏற்பாடு. வண்டி விற்ற உடனே அந்த வண்டிக்கான அசலைத் திருப்பிக் கட்டிவிட வேண்டும். விற்காத நாள் ஒவ்வொன்றுக்கும் வட்டி ஓடும். கடன் கொடுத்தவரின் ஆள் அவ்வப்போது யார்டுக்கு வந்து, சேஸிஸ் எண்ணைச் சரிபார்த்து, ஏட்டில் உள்ள வண்டி தரையிலும் இருக்கிறதா என்று எண்ணிவிட்டுப் போவார்.

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார். ஒரு கார் 40,000 டாலர் என்றால் இருநூறு கார் 80 லட்சம் டாலர். ஆண்டுக்கு 3 சதவீத வட்டி என்றால் 2,40,000 டாலர். 8 சதவீதம் என்றால் 6,40,000 டாலர். தயாரிப்பாளர்கள் இதில் ஒரு பகுதியை ஈடுகட்டுவதுண்டு. ஆனால் அந்த உதவி விரைவாக விற்பவருக்குத்தான் போதுமானதாக இருக்கும். வண்டி நிற்க நிற்க மிச்ச வட்டி டீலரின் தலையில்தான் விழும்.

ஆனாலும் வட்டியே முழுப் பதில் ஆகாது. 2021-ல் அமெரிக்காவில் வட்டி விகிதம் அடிமட்டத்தில் கிடந்தது. வட்டிக்குப் பயந்துதான் யார்டைக் காலி செய்தார்கள் என்றால் அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே செய்திருப்பார்கள். நடந்தது வேறு.

உங்கள் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள். மோட்டார் வழக்கமாக ஏற்றும் அளவில் கொஞ்சம் குறைகிறது. கீழே குழாய்கள் வழக்கம்போலத் திறந்திருக்கின்றன. முதல் சில நாள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. குளிப்பவர் குளிப்பார், துவைப்பவர் துவைப்பார். ஒரு நாள் காலை தொட்டி காலி என்று தெரியவரும். டீலரின் யார்டும் அப்படித்தான். மாதம் நூறு விற்கிறது, இருநூறு கையிருப்பு, தொழிற்சாலையிலிருந்து எழுபதுதான் வருகிறது என்று வைத்துக்கொள். மாதம் முப்பது குறையும். ஏழாவது மாதம் முடிவதற்குள் தளம் வெறிச்சோடிவிடும். அதுவரை விற்பனை சற்றும் குறைந்திருக்காது.

நிஜ எண்களும் இதையே சொல்கின்றன. 2019-ல் அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 70 லட்சம் புதிய வண்டிகள் விற்றன. 2021-ல் சுமார் 1 கோடியே 50 லட்சம். இறக்கம் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் டீலர்களிடம் நின்ற ஸ்டாக் 35 லட்சம் அளவிலிருந்து 2021 செப்டம்பர் வாக்கில் 10 லட்சத்துக்கும் கீழே போனது. நீ அனுப்பிய படம் காட்டுவது விற்பனையின் வீழ்ச்சியை அல்ல, தொட்டியின் அடித்தளத்தை.

மோட்டார் ஏன் மெலிந்தது என்பது ஒரு பெரிய கதை. கொரோனா தொற்றால் 2020 மார்ச்சில் கார் ஆலைகள் மூடப்பட்டன. இனி யார் கார் வாங்கப் போகிறார்கள் என்று நினைத்த தயாரிப்பாளர்கள், கார்களுக்கு வேண்டிய மின்னணு சிப் ஆர்டர்களை ரத்து செய்தார்கள். அதே நேரத்தில் உலகமே வீட்டுக்குள் அமர்ந்து மடிக்கணினியும் விளையாட்டுக் கருவிகளும் வாங்கியது. சிப் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பின. சில மாதங்களில் கார் கேட்டு ஆட்கள் வந்தபோது, கார் கம்பெனிகள் சிப்புக்கான வரிசையில் கடைசியில் நின்றன. அடி மேல் அடியாக 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனிப்புயலால் மின்சாரம் போய், ஆஸ்டினில் இருந்த சாம்சங், என்எக்ஸ்பி, இன்ஃபினியன் சிப் ஆலைகள் நின்றன. மார்ச் 19 அன்று ஜப்பானில் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை தீப்பிடித்தது. கார்களுக்கான மைக்ரோகன்ட்ரோலர் சிப் செய்வதில் உலகின் முன்னணி நிறுவனம் அது.

சில டாலர் விலையுள்ள ஒரு சிப் இல்லாமல் 40,000 டாலர் வண்டி நகராது. ஃபோர்டு நிறுவனம் சிப் மட்டும் பொருத்தப்படாத பிக்கப் டிரக்குகளை ஆயிரக்கணக்கில் கென்டக்கி ஸ்பீட்வே என்ற பந்தய மைதானத்தின் திடலில் நிறுத்தி வைத்தது. கான்சாஸில் மாலிபு கார் செய்த ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 2021 பிப்ரவரியில் நிறுத்தியது. கிடைத்த சிப்புகள் லாபம் அதிகம் தரும் பெரிய பிக்கப்புகளுக்கும் எஸ்யூவிகளுக்கும் போயின. சிறிய கார் தேடியவர்தான் முதலில் வெறுங்கையோடு திரும்பினார். உலகம் முழுக்க 2021-ல் 77 லட்சம் வண்டிகள் உற்பத்தியாகாமல் போகும் என்று அலிக்ஸ்பார்ட்னர்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம் அந்த ஆண்டு செப்டம்பரில் மதிப்பிட்டது.

சரி, மிச்சம் வந்த வண்டிகளையாவது டீலர் பிடித்து வைத்துக்கொண்டு விலை ஏறிய பிறகு விற்றிருக்கலாமே என்பாய். வெங்காயத்துக்கும் காருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முழுதாகத் தெரிகிறது. மண்டிக்காரர் நாசிக் சரக்கு இல்லையென்றால் வேறு ஊர்ச் சரக்கை வாங்குவார். நூறு விவசாயிகள் அவருக்குக் கொடுப்பார்கள். டீலருக்குக் கொடுப்பது ஒரே ஒரு கம்பெனி. யாருக்கு எத்தனை வண்டி என்று பங்கு போடுவதும் அந்தக் கம்பெனியே. அந்தப் பங்கீட்டை அங்கே 'டர்ன் அண்ட் எர்ன்' என்கிறார்கள்: விற்றுக் காட்டு, அடுத்ததை வாங்கிக்கொள். எவருடைய வண்டிகள் வேகமாகப் போகின்றனவோ அவருக்கு அடுத்த லோடில் பங்கு கூடும். வண்டியை விற்காமல் பிடித்து வைப்பவரின் கணக்கில், தேவை இல்லாத இடம் என்று பதிவாகிவிடும். தட்டுப்பாட்டுக் காலத்தில் அதைவிடப் பெரிய தண்டனை டீலருக்கு இல்லை. பத்து வண்டியைப் பதுக்கி, அடுத்த மாதம் வரவேண்டிய இருபதை யார் இழப்பார்?

இன்னொன்று, கார் கிடங்கில் இருக்க இருக்க வயதாகும் பொருள். அடுத்த ஆண்டின் மாடல் வந்த நாளில், ஓடாத வண்டியும் பழைய வண்டியாகிவிடும்.

ஆகவே 2021-ல் வண்டிகள் யார்டில் நிற்கவே இல்லை. டிரெய்லரிலும் ரயிலிலும் வந்துகொண்டிருக்கும்போதே விற்றுப்போயின. முன்பணம் கட்டிய பெயர்களோடு பட்டியல் தயாராக இருக்கும். வண்டி இறங்கும், கழுவுவார்கள், சாவி கைமாறும். இரண்டு மாதம் வட்டி ஓடிய இடத்தில் இரண்டு நாள் ஓடியது. விளம்பரச் செலவு குறைந்தது. தள்ளுபடி காணாமலே போனது.

இதன் விளைவு டீலர்களே எதிர்பாராதது. காலி யார்டு, நிறைந்த யார்டைவிட நன்றாகச் சம்பாதித்தது. அமெரிக்காவின் பெரிய டீலர் குழுமங்களில் ஒன்றான ஆட்டோநேஷனின் நிகர லாபம் 2020-ல் 38 கோடி டாலர். 2021-ல் அது 137 கோடி. 2022 ஜனவரியில் புதிய கார் வாங்கியவர்களில் 82 சதவீதம் பேர் தயாரிப்பாளர் குறித்த ஸ்டிக்கர் விலைக்கு மேலே கொடுத்தார்கள் என்று எட்மண்ட்ஸ் நிறுவனம் கணக்கிட்டது. ஓராண்டுக்கு முன் அப்படிக் கொடுத்தவர்கள் 3 சதவீதம்கூட இல்லை. வண்டியைப் பதுக்கவில்லை என்பதால் டீலர்கள் அனைவரும் நியாயமாக நடந்தார்கள் என்று நினைத்துவிடாதே. மூட்டையை மறைத்து வைக்காமலே அதன் விலையை மட்டும் ஏற்ற முடிந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் தங்கள் டீலர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுத வேண்டியிருந்தது: அளவுக்கு மீறி விலை வாங்கினால் உங்களுக்கான வண்டி வேறிடம் போகும் என்று.

புதிய கார் கிடைக்காதவர்கள் பழைய காருக்குத் திரும்பினார்கள். 2022 ஜனவரியோடு முடிந்த பன்னிரண்டு மாதத்தில் அங்கே பழைய கார்களின் விலை 40.5 சதவீதம் ஏறியது. பேருந்து வசதி இல்லாத அமெரிக்கச் சிற்றூரில், பழைய காரை நம்பி வேலைக்குப் போகும் தாதியையும் சமையல்காரரையும் இந்த எண் எப்படி அழுத்தியிருக்கும் என்று யோசித்துப் பார். யார்டு காலியானதன் முழு விலையைக் கட்டியவர்கள் அவர்கள்தான். பொருளாதாரப் பாடத்தில் வரையும் கோடுகளில் அவர்கள் முகம் தெரிவதில்லை.

காலி யார்டின் ருசி தயாரிப்பாளர்களுக்கும் பிடித்துப் போயிற்று. பழையபடி மலைபோல் குவிக்கப் போவதில்லை என்று ஃபோர்டின் தலைமை அதிகாரி ஜிம் ஃபார்லியும் ஜெனரல் மோட்டார்ஸின் தலைமை அதிகாரி மேரி பாராவும் வெளிப்படையாகவே பேசினார்கள். 2022 மார்ச்சிலிருந்து அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போய், 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 சதவீதத்தில் நிறுத்தியது. மேலே போட்ட கணக்கில் 3 சதவீதம் 8 ஆனது அப்போதுதான். குறைந்த ஸ்டாக் என்பது அதன்பின் விருப்பம் மட்டுமல்ல, தேவையும் ஆயிற்று. அப்படியும் எல்லோரும் அடக்கமாக இருக்கவில்லை. ஜீப்பும் ராமும் செய்யும் ஸ்டெல்லாண்டிஸின் அமெரிக்க டீலர்கள், விலைபோகாத வண்டிகள் தங்கள் யார்டுகளில் தேங்கிக் கிடப்பதாக 2024 செப்டம்பரில் தலைமை அதிகாரி கார்லோஸ் டவாரெஸுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். அந்த டிசம்பர் முதல் தேதி அவர் பதவி விலகினார்.

டொயோட்டாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கையிருப்பே வீண் என்று உலகுக்குக் கற்பித்த கம்பெனி அது. ஆனால் 2011 மார்ச் நிலநடுக்கத்தில் உதிரிபாகம் கிடைக்காமல் தவித்த பிறகு, சிப் போன்ற முக்கியமானவற்றை இரண்டு முதல் ஆறு மாதம் வரை சேமித்து வைக்கும்படி தனக்குச் சரக்குக் கொடுப்பவர்களிடம் சொல்லிவிட்டது. 2021-ல் மற்றவர்கள் ஆலைகளை நிறுத்தியபோது அது சில மாதம் தாக்குப்பிடித்தது. அந்த ஆண்டு அமெரிக்க விற்பனையில் ஜெனரல் மோட்டார்ஸை முந்தியது. 1931-க்குப் பிறகு அந்த முதலிடம் கைமாறியது அதுவே முதல் முறை. சேமிப்பு இருந்தது உண்மை. இருந்த இடம் டீலரின் யார்டு அல்ல, சிப் கிடங்கு. நாற்பதாயிரம் டாலர் பொருளைக் குவிப்பதைவிடச் சில டாலர் பொருளைக் குவிப்பது எவ்வளவு மலிவு என்று கணக்குப் போட உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் நாட்டுக்கும் இந்த அலை வந்தது. 2021 செப்டம்பரில் வழக்கமான உற்பத்தியில் 40 சதவீதமே முடியும் என்று மாருதி சுசுகி முன்கூட்டியே அறிவித்தது. அந்த அக்டோபர் 7 அன்று மஹிந்திராவின் எக்ஸ்யூவி 700 காருக்கு 57 நிமிடத்தில் 25,000 புக்கிங் விழுந்தது. ஷோரூமில் நின்றதோ தொட்டுப் பார்க்க மட்டும் ஒரு வண்டி. மூன்றே ஆண்டில் காற்று மாறியது. 21 நாள் ஸ்டாக் போதும் என்று சொல்லிவரும் இந்திய டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா, 2024 செப்டம்பர் முடிவில் 80 முதல் 85 நாள் ஸ்டாக், 79,000 கோடி ரூபாய் மதிப்புள்ள 7.9 லட்சம் வண்டிகள் தேங்கி நிற்பதாக அபாயமணி அடித்தது. தட்டுப்பாட்டில் வேண்டிய அளவு வாங்க முடியாத அதே டீலர், தேக்கத்தில் வேண்டாத அளவை மறுக்க முடியாமல் நின்றார்.

உன் அப்பா அடுத்த மாதம் கார் பார்க்கப் போவதாக அம்மா சொன்னாள். நீயும் கூடப் போ. கொடுக்கப்போகும் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கேட்டு வாங்கு. தயாரான மாதமும் ஆண்டும் அதில் குறியீடாக இருக்கும், விற்பனையாளரையே படித்துச் சொல்லச் சொல். போன மாத வண்டி என்றால் அவர் விலையில் இறங்கி வரமாட்டார். ஐந்து மாதம் ஆன வண்டி என்றால், ஐந்து மாத வட்டியை அவர் சுமந்துகொண்டு நிற்கிறார் என்று பொருள். பேரத்தை அங்கிருந்து தொடங்கச் சொல் அப்பாவை.

அன்புடன்,
மாமா