மூடித் திறந்தால் முடங்கும் லேப்டாப்

இரவு மூடி வைத்த லேப்டாப்பைக் காலையில் திறந்தால் ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டு விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் சேமிக்காத வேலை எல்லாம் போயிற்று!

அதற்கு முன் ஒரு முயற்சி. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய 4 பட்டன்களையும் ஒருசேர அழுத்தவும். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். பல சமயம் திரை உயிர் பெற்றுவிடும். அப்படி வந்தால், கோளாறு பெரும்பாலும் அந்த டிரைவரில்தான்.

மூடி வைத்த லேப்டாப் ஸ்லீப்பில் இருக்கும்போது ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். மற்ற பாகங்கள் உறங்கும். விழிக்கும்போது ஒவ்வொரு டிரைவரும் தன் பாகத்தை எழுப்ப வேண்டும். ஒன்று தடுமாறினாலும் மொத்தமும் நின்றுபோகலாம். கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவர்களை லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதுப்பிக்கவும். அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியதா? டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்து பழையதற்குத் திரும்பலாம்.

விண்டோஸ் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று பார்த்ததும் பேட்டரியை மாற்ற ஓட வேண்டாம். கணினி முறைப்படி அணையவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது.

டிரைவர்களோடு பயாஸையும் அப்டேட் செய்வதானால், அப்போது சார்ஜரைக் கழற்றவே கூடாது. கோளாறு தீரும்வரை, மூடியை மூடினால் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் ஆகும்படி பவர் ஆப்ஷன்ஸில் மாற்றி வையுங்கள். திறக்கச் சில நொடிகள் கூடுதலாகும். வேலை டிஸ்கில் பதிவாகியிருக்கும்.